முதல் நாளில் சொல்லும் ஒரு பதில்: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எப்படி நகர்கிறது?

வார நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்பு எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசலில் சில குடும்பங்கள் காத்திருக்கும். தாயின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் மகனின் அடையாளக் கார்டு நகலும் மாற்றுச் சட்டையும் இருக்கும். கைவிலங்கோடு பிள்ளைகள் லோரியிலிருந்து இறங்கியதும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “பேசாம ஒத்துக்கப்பா, ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.”

அன்பினால் சொல்லும் வார்த்தைதான் அது. ஆனால் வழக்கு எப்படி நடக்கும் என்று தெரியாமல் சொல்லப்படுகிறது. அந்த ஒரு பதிலால் மேல்முறையீட்டு உரிமையின் பெரும்பகுதி போய்விடும் என்பதும், அது குற்றப் பதிவாக நிற்கும் என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

ஆகவே, ஒரு வழக்கு கைதிலிருந்து மேல்முறையீடு வரை எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். புரிந்துகொள்ள வசதியாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 22 வயது இளைஞர் ஒருவர் கைப்பேசி திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டுக் கைது செய்யப்படுகிறார். தண்டனைச் சட்டத்தின் 379-வது பிரிவின் கீழ் திருட்டுக்கு அதிகபட்சமாக 7 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கைதும் முதல் 24 மணி நேரமும்

கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5-வது விதி தரும் உரிமை இது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. விசாரிக்கத் தொடங்கும் முன், தாம் எங்கே இருக்கிறோம் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவும், வழக்கறிஞரைத் தொடர்பு கொள்ளவும் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், ஆதாரம் மறைக்கப்படும் என்பது போன்ற சூழல்களில் மட்டும் போலீஸ் இதை மறுக்க முடியும்.

கைது செய்யப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. அதற்குள் விசாரணை முடிந்துவிட்டால் விடுவித்துவிடுவார்கள் அல்லது போலீஸ் ஜாமீனில் அனுப்புவார்கள். முடியாவிட்டால் தடுப்புக் காவலுக்கு மனுச் செய்வார்கள்.

இந்த நேரத்தில் குடும்பத்தார் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தப் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள், விசாரணை அதிகாரி யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் விசாரிக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

ரிமாண்ட் என்ற தடுப்புக் காவல்

ரிமாண்ட் ஒரு தண்டனை அன்று, குற்றச்சாட்டும் அன்று. விசாரணையை முடிக்க மாஜிஸ்திரேட் கொடுக்கும் கால அவகாசம்தான் அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-வது பிரிவு இதற்கு எல்லை வகுத்துள்ளது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை கொண்ட குற்றங்களுக்கு முதல் மனுவில் அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் மனுவில் 3 நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறையோ மரண தண்டனையோ விதிக்கப்படக்கூடிய குற்றங்களுக்கு 7 நாளும், பின்னர் இன்னொரு 7 நாளும் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் உள்ள இளைஞரை அந்த ஒரு வழக்குக்காக அதிகபட்சம் 7 நாள் தடுத்து வைக்கலாம்.

இவை உச்ச வரம்புகள். போலீஸ் 4 நாள் கேட்டால் மாஜிஸ்திரேட் 4 நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எத்தனை நாள் என்று முடிவெடுக்கும்போது, தடுத்து வைக்கப்பட்டவர் தாமாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ சொல்வதைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மாஜிஸ்திரேட் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். உடல்நிலை சரியில்லை, மருந்து வேண்டும், அடித்தார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தால் அதைச் சொல்லும் இடம் இதுதான். தலை குனிந்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தால், அந்தப் பேச்சு பதிவில் இருக்காது.

சில நேரங்களில் ஒரு ரிமாண்ட் முடிந்ததும், வேறொரு புகாரின் பேரில் வேறு மாவட்டப் போலீசார் மீண்டும் கைது செய்வதுண்டு. அப்படி நடந்தால் உடனே வழக்கறிஞரை நாடுவது அவசியம்.

விசாரணையின்போது 112-வது பிரிவின் கீழ் வாக்குமூலம் பதிவு செய்வார்கள். தம்மைக் குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை அப்போது உண்டு. “அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன்” என்று பணிவாகச் சொன்னால் போதும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

குற்றஞ்சாட்டுவது யார்?

விசாரணைக் கோப்பு முடிந்ததும் அது அரசுத் தரப்பு துணை வழக்கறிஞரிடம், நாம் டிபிபி என்று சொல்பவரிடம், போகும். குற்றஞ்சாட்டுவதா வேண்டாமா என்ற அதிகாரம் அரசியலமைப்பின் 145-வது விதிப்படி சட்டத்துறைத் தலைவருக்கு உரியது. டிபிபி அவர் சார்பில் செயல்படுகிறார்.

“புகார் கொடுத்தவர் ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும்” என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. குற்றவியல் வழக்கில் புகார்தாரர் ஒரு சாட்சி மட்டுமே. வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு. சில சிறு குற்றங்களில்தான் இரு தரப்பும் சமரசமாகிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. மற்றவற்றில் முடிவு டிபிபியுடையது. “ஆளைத் தெரியும், பணம் கொடுத்தால் கேஸை மூடிவிடலாம்” என்று யாராவது வந்தால் விலகி நில்லுங்கள். லஞ்சம் கொடுப்பதும் 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் குற்றம்தான்.

எந்த நீதிமன்றம் என்பதைக் குற்றத்தின் கடுமை தீர்மானிக்கிறது. பொதுவாக 10 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை முதல் நிலை மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். அவர் பொதுவாக விதிக்கக்கூடியது 5 ஆண்டு சிறை, 10,000 வெள்ளி அபராதம், 12 பிரம்படி வரைதான். மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். நம் எடுத்துக்காட்டு இளைஞரின் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும்.

18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பாதை வேறு. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி சிறார் நீதிமன்றத்தில் மூடிய அறையில் வழக்கு நடக்கும். பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. பெற்றோர் உடன் இருக்க வேண்டும்.

குற்றச்சாட்டு வாசிக்கப்படும் நாள்

மிக முக்கியமான நாள் இது. மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார். “புரிகிறதா? குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கோருகிறீர்களா?” என்று கேட்கப்படும். மலாய் மொழியில் வாசிப்பது முழுமையாகப் புரியவில்லை என்றால், தமிழில் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். புரியும் மொழியில் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும்? அதன் தன்மையும் விளைவும் தெரிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா, நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்பதை நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். பிறகு டிபிபி வழக்கின் விவரங்களை வாசிப்பார். அந்த விவரங்களையும் ஒப்புக்கொண்டால்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகும். “எடுத்தேன், ஆனா அது என் நண்பனுடையதுன்னு நினைச்சேன்” என்று அந்த இளைஞர் சொன்னால், அது முழுமையான ஒப்புதல் ஆகாது. திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லும்போது மாஜிஸ்திரேட் ஒப்புதலை ஏற்காமல் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். பயத்தில் அந்த வாக்கியத்தை விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இன்று விசாரணை கோரியவர், பின்னர் மனம் மாறி எந்தக் கட்டத்திலும் ஒப்புக்கொள்ளலாம். இன்று ஒப்புக்கொண்டவர் அதிலிருந்து பின்வாங்குவது கடினம். தண்டனை விதிக்கப்படும் முன் தக்க காரணத்தோடு கேட்டால் நீதிமன்றம் பரிசீலிக்கலாம். தண்டனைக்குப் பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத் தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும் என்று 305-வது பிரிவு கூறுகிறது. “நான் செய்யவே இல்லை” என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

உண்மையிலேயே குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. தண்டனையைக் குறைக்க அது ஒரு நல்ல காரணமாகவும் எடுத்துக்கொள்ளப்படும். வழக்கறிஞர் மூலம் குற்றச்சாட்டையோ தண்டனையையோ குறித்து அரசுத் தரப்போடு பேசவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வேலைக்கு லீவு இல்லை, அலைய முடியாது, ஜாமீனுக்குப் பணம் இல்லை என்ற காரணங்களுக்காகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் அலைச்சல் தீர்ந்தாலும், குற்றப் பதிவு தொடர்ந்து வரும். வேலைக்குப் பின்னணி சரிபார்க்கும்போதும், வெளிநாடு செல்ல நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால், “வழக்கறிஞரை நியமிக்க அவகாசம் வேண்டும்” என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தாலே போதும்.

ஜாமீன்: பணமும் பொறுப்பும்

சில குற்றங்களுக்கு ஜாமீன் பெறுவது உரிமை. மற்றவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. திருட்டு இரண்டாவது வகை. “ஜாமீனில் விட முடியாத குற்றம்” என்று செய்தியில் படித்தவுடன் ஜாமீனே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றம் பரிசீலித்துக் கொடுக்கலாம் என்பதே பொருள். தப்பி ஓடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, நிலையான முகவரியும் வேலையும் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே சம்பளச் சீட்டு, முகவரிக்கான ஆதாரம், மருத்துவக் கடிதம், பள்ளி செல்லும் பிள்ளைகளின் விவரம் போன்றவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தொகை அதிகமாக இருந்தால் குறைக்கும்படி அங்கேயே கேட்கலாம். ஜாமீன் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஜாமீன்தாரராக நிற்பவர் வெறும் பணம் கட்டுபவர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரை ஒவ்வொரு தேதியிலும் நீதிமன்றத்துக்கு வரவைக்கும் பொறுப்பு அவருடையது. வராவிட்டால் கைது ஆணை பிறப்பிக்கப்படும். ஜாமீன் தொகையும் பறிமுதலாகலாம். எல்லாத் தேதிகளுக்கும் ஒழுங்காக வந்து வழக்கு முடிந்தால் பணம் ஜாமீன்தாரருக்கே திரும்பக் கிடைக்கும். ரசீதையும் ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். அன்றைக்கே பணம் கட்ட முடியாவிட்டால், கட்டும் வரை அவர் சிறையில் வைக்கப்படுவார்.

இடைப்பட்ட தேதிகள்

அடுத்த சில தேதிகள் பெரும்பாலும் வழக்கு நிலவரம் கேட்கும் நாள்களாகவே இருக்கும். அன்று சாட்சிகள் வர மாட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்து அடுத்த தேதி கொடுக்கப்படும். “போய் என்ன ஆகப்போகிறது” என்று ஒரு தேதியைத் தவறவிட்டால் கைது ஆணை வரும்.

இந்தக் காலத்தில் அரசுத் தரப்பிடமிருந்து ஆவணங்கள் பெற வேண்டும். விசாரணை தொடங்கும் முன், முதல் தகவல் அறிக்கையான போலீஸ் புகார், ஆதாரமாகக் காட்டப்போகும் ஆவணங்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விவரங்களின் எழுத்துப்பூர்வக் குறிப்பு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்று 51ஏ பிரிவு கூறுகிறது. சம்பவ நேரத்தில் தாம் வேறிடத்தில் இருந்ததாக வாதிடப் போகிறவர், அதை முன்கூட்டியே எழுத்து மூலம் அரசுத் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசி நாளில் திடீரென்று அந்த வாதத்தைக் கொண்டுவந்தால் சிக்கலாகும். கடை ரசீது, வேலை இடத்து வருகைப் பதிவு, பாதுகாப்புக் கேமரா பதிவு போன்றவற்றை உடனே சேகரியுங்கள். பல கடைகளில் பழைய கேமரா பதிவுகள் தானாகவே அழிந்துவிடும்.

முழு விசாரணை

அரசுத் தரப்பு முதலில் தன் சாட்சிகளை அழைக்கும். ஒவ்வொருவரையும் டிபிபி விசாரித்த பிறகு எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். தேவைப்பட்டால் டிபிபி மறுவிசாரணை செய்வார். வழக்கறிஞர் இல்லாதவரிடமும் மாஜிஸ்திரேட் “கேள்வி உண்டா?” என்று கேட்பார். பலர் “இல்லை” என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுத்துக் கேட்காத சாட்சியத்தை ஏற்றுக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். “நீங்கள் சொல்வது உண்மையல்ல, நான் அங்கே இல்லை” என்ற அளவுக்காவது சாட்சியிடம் சொல்ல வேண்டும்.

அரசுத் தரப்பு முடிந்ததும், பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு வழக்கு நிலைநாட்டப்பட்டதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் அங்கேயே விடுதலை செய்யப்படுவார். உண்டு என்றால் எதிர்வாதம் புரிய அழைக்கப்படுவார். “எதிர்வாதம் புரிய உத்தரவு” என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு “குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அது தவறு. வழக்கு பாதிதான் கடந்திருக்கிறது.

எதிர்வாதத்தில் மூன்று வழிகள் உண்டு. சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து சாட்சியம் அளிக்கலாம். அப்போது டிபிபி குறுக்கு விசாரணை செய்வார். குற்றவாளிக் கூண்டிலிருந்தே சத்தியம் இல்லாமல் வாக்குமூலம் தரலாம். குறுக்கு விசாரணை இல்லை, ஆனால் அதற்கு எடை குறைவு. மௌனமாக இருக்கலாம், இந்தக் கட்டத்தில் மௌனம் பெரும்பாலும் தண்டனையில் முடியும். மூன்றையும் நீதிமன்றமே விளக்க வேண்டும்.

முடிவில் எல்லாச் சாட்சியங்களையும் பரிசீலித்து, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆனதா என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பொதுவாக, நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினாலே போதும்.

சில வழக்குகளில் அரசுத் தரப்பு இடையிலேயே வழக்கைத் தொடரவில்லை என்று கூறும். அப்போது “விடுவிப்பு, ஆனால் விடுதலை அல்ல” என்ற ஆணை வரலாம். அதே குற்றத்துக்காகப் பின்னர் மீண்டும் குற்றஞ்சாட்ட முடியும் என்பது அதன் பொருள். எந்த வகை ஆணை கிடைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்டனையும் மேல்முறையீடும்

குற்றவாளி என்று தீர்ப்பானால், தண்டனையைக் குறைக்கும்படி முறையிடலாம். வயது, முதல் குற்றம், குடும்பப் பொறுப்பு, இழப்பீடு கொடுத்தது, ஏற்கெனவே சிறையில் இருந்த நாள்கள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சிறைத் தண்டனை பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்கும். கைதான நாளிலிருந்து கணக்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். ஜாமீன் கட்ட முடியாமல் மூன்று மாதம் உள்ளே இருந்தவருக்கு இதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் மூன்று மாத வித்தியாசம். பொருத்தமான வழக்குகளில் நன்னடத்தைப் பிணையில் விடவும் சட்டம் இடமளிக்கிறது.

தீர்ப்பை ஏற்க முடியாவிட்டால் 14 நாள்களுக்குள் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்வதால் மட்டும் தண்டனை நின்றுவிடாது. நிறுத்தி வைக்கத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கு

தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் செயல்பட்டு வருகிறது. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்று கேட்டால் நீதிமன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். கைது, ரிமாண்ட், குற்றச்சாட்டு, ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் மாநிலங்களில் இருக்கின்றன. குற்றச்சாட்டு வாசிக்கும் நாளில், வழக்கு அழைக்கப்படும் முன்பே, “சட்ட உதவி வழக்கறிஞர் இருக்கிறாரா?” என்று நீதிமன்றப் பணியாளரிடம் கேளுங்கள்.

இந்தக் கட்டுரை பொதுவான விளக்கம்தான். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி ஆலோசனை தேவை. ஆனாலும் அடுத்த முறை நமக்குத் தெரிந்த ஒரு தாய் அந்த வாசலில் நிற்கும்போது, “ஒத்துக்கச் சொல்லுங்க” என்பதற்குப் பதிலாக “முதல்ல வக்கீலப் பார்க்க டைம் கேட்கச் சொல்லுங்க” என்று சொல்ல நம்மால் முடியும். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.